சென்னை வெயிலுக்கு ஜன்னலில் என்ன மாட்டலாம்: பிளாக்அவுட் கர்ட்டனா, காட்டன் ஸ்கிரீனா, வெளிப்பக்கத் தட்டியா?

முதலில் முடிவையே சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். உங்கள் ஜன்னல் மேற்கு பார்த்தது, வெளிப்பக்கம் எதையாவது கட்ட வழியும் இருக்கிறது என்றால், கர்ட்டனுக்கு என்று ஒதுக்கிய பணத்தை முதலில் வெளியே மாட்டும் மூங்கில் தட்டிக்கோ நிழல் வலைக்கோ கொடுங்கள். வெளியே மாட்ட வழியே இல்லை, அறையில் ஏசி ஓடுகிறது என்றால், கண்ணாடியைப் பார்க்கும் பக்கம் வெள்ளையாக இருக்கிற கனமான கர்ட்டன். ஏசி இல்லாத வீட்டுக்குக் கனமான கர்ட்டன் வேண்டாம், வெளிர் நிறக் காட்டனே போதும். மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருக்கிறீர்கள் என்றால், ஜன்னலுக்குச் செலவு செய்யும் முன் மாடித் தரையைக் கவனியுங்கள்.

இப்படிப் பிரித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. கடையில் 'தெர்மல் கர்ட்டன்' என்று விற்பதன் பின்னால் இருக்கிற யோசனை குளிர் நாட்டுக்காரர்களுடையது. அங்கே ஹீட்டர் போட்டு அறையைச் சூடாக்குகிறார்கள், அந்தச் சூடு ராத்திரி கண்ணாடி வழியாக வெளியே போய்விடக் கூடாது, அதற்குக் கனத்த துணியை ஜன்னலை ஒட்டி இழுத்துவிட்டுக் கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவில் இருக்கிற காற்றை அசையாமல் வைக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் சென்னையில் தை மாதத்து ராத்திரியிலேயே வெப்பநிலை 20 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும், ஹீட்டர் என்ற பொருளே நம் வீடுகளில் கிடையாது. நம் கஷ்டம் வேறு. 2003 மே மாதக் கடைசியில் இந்த ஊர் 45 டிகிரியைப் பார்த்திருக்கிறது. கத்திரி வெயில் நாட்களில் சாயங்காலம் ஆறு மணிக்குக்கூட மேற்குப் பக்கத்து அறைக்குள் நுழைந்தால் முகத்தில் அனல் அடிக்கும். இந்தக் கஷ்டத்துக்கு எது உதவும் என்று பார்க்க ஒரு சின்னக் கணக்குப் போட்டாலே பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

நாலடிக்கு ஐந்தடி ஜன்னல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 1.85 சதுர மீட்டர். மே மாதம், மேகமில்லாத நாள், சாயங்காலம் நாலு மணி வாக்கில் மேற்குச் சுவரில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 500 வாட் வெயில் விழும். சாதாரண ஒற்றைக் கண்ணாடி அதில் 80 சதவீதத்துக்கு மேல் உள்ளே விட்டுவிடும். பெருக்கினால் 750 வாட் வருகிறது, அயர்ன் பாக்ஸை ஆன் செய்து அறை நடுவில் வைத்துவிட்டுப் போன மாதிரி. ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடிய வெப்பமே 3,500 வாட்தான், அதில் ஐந்தில் ஒரு பங்கை இந்த ஒரே ஜன்னல் தின்றுவிடுகிறது. இப்போது அதே ஜன்னலில் வெயில் படவில்லை, வெளியே 38 டிகிரி, உள்ளே ஏசி போட்டு 26 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சூடு மட்டும் கண்ணாடியைக் கடந்து உள்ளே வருவது சுமார் 130 வாட். குளிர் நாட்டுக் கர்ட்டன் தடுக்கப் பிறந்தது இந்த 130-ஐ. நம்மை வாட்டுவது அந்த 750. ஆகவே நமக்குப் போர்வை மாதிரி கனம் முக்கியமில்லை, நிழல்தான் முக்கியம், அந்த நிழல் கண்ணாடிக்கு வெளியிலேயே கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை.

ஏன் வெளியில் என்றால், வெயில் கண்ணாடியை ஒளியாகத் தாண்டி உள்ளே வந்து, துணி மேல் பட்டு, அங்கே வெப்பமாக மாறுகிறது. துணியிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிரைக் கண்ணாடி திரும்ப வெளியே விடாது. கர்ட்டன் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், அது உறிஞ்சிய சூடு அறைக்குள்ளேயே நின்றுபோகும். துணி அதே கண்ணாடி வழியாக ஒளியாகவே திருப்பி அனுப்பும் பங்கு மட்டும்தான் நமக்கு லாபம், அதனால்தான் வெள்ளைப் பக்கம், வெள்ளைப் பக்கம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அமெரிக்க எரிசக்தித் துறை தரும் அளவுகளைப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும்: பின்புறம் வெள்ளைப் பிளாஸ்டிக் பூச்சு உள்ள, நடுத்தர நிறக் கர்ட்டன் உள்ளே வரும் வெப்பத்தை 33 சதவீதம் வரை குறைக்கும், ஜன்னலுக்கு வெளியே சாய்வாக இறக்கி மாட்டும் நிழற்கூரை மேற்கு ஜன்னலில் 77 சதவீதம் வரை குறைக்கும். நம் 750 வாட்டில் வைத்துப் பார்த்தால், முதல் வழியில் 500 மிஞ்சும், இரண்டாவது வழியில் 170 மிஞ்சும். கடையில் "இதைப் போட்டா பத்து டிகிரி குறையும் சார்" என்று யாராவது சொன்னால், எந்தத் திசை ஜன்னல், வெளியே நிழல் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்காமல் சொல்கிறாரே என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

எந்த ஜன்னலுக்கு முதலில்?

எல்லா ஜன்னலுக்கும் ஒரே துணி எடுப்பதுதான் வழக்கம், பார்க்க அழகாக இருக்கும் என்பதால். ஆனால் வெயில் எல்லா ஜன்னலுக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 25 வாக்கில் நடுப்பகல் சூரியன் சரியாக நம் தலைக்கு மேல் வரும், அதன் பிறகு ஆகஸ்ட் பாதி வரைக்கும் நடுப்பகலில் தலைக்கு மேலேயிருந்து கொஞ்சம் வடக்கே சாய்ந்தே நிற்கும். அதாவது கோடை உச்சத்தில் தெற்கு ஜன்னலில் நேர் வெயில் விழாது. தெற்கில் வெயில் நன்றாக உள்ளே வருவது கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில், அப்போது அது யாருக்கும் தொல்லையும் இல்லை. வடக்கு ஜன்னலில் மே, ஜூன், ஜூலை காலையிலும் மாலையிலும் கொஞ்சம் சாய்வு வெயில் வரும், அவ்வளவுதான். ஆக, தெற்குக்கும் வடக்குக்கும் உங்களுக்குப் பிடித்த துணியை மாட்டிக்கொள்ளலாம்.

கிழக்கும் மேற்கும்தான் பிரச்சினை. கிழக்கு, காலை ஒன்பதரை பத்து வரை சுடும், ஆனால் அந்நேரம் வீடு ராத்திரி முழுக்க ஓரளவு ஆறியிருக்கும். மேற்கு ஜன்னலுக்கு வெயில் வரும்போது சுவர், தரை, கட்டில் எல்லாம் ஏற்கெனவே சூடாகிக் கிடக்கும், அதன் மேல் இந்த வெயிலும் ஏறும். "எங்கள் வீட்டில் சன்ஷேடு இருக்கிறதே" என்பார்கள். மே மாதம் சாயங்காலம் நாலரை மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து 26 டிகிரி உயரத்தில் இருக்கும். அந்தச் சாய்வில் இரண்டடி சன்ஷேடு ஜன்னலின் மேல் ஒரு அடியைத்தான் மறைக்கும், மீதி நாலடி அப்படியே வெயிலுக்குத் திறந்து கிடக்கும். மேற்குக்குப் படுத்த மாதிரியான சன்ஷேடு உதவாது, நின்ற மாதிரித் தொங்கும் மறைப்புதான் உதவும்.

வெளியே தொங்கவிடும் வழிகள்

மூங்கில் தட்டி என் முதல் தேர்வு. பால்கனியிலோ ஜன்னல் கிரில்லுக்கு வெளியிலோ சுருட்டி இறக்கும் விதமாக மாட்டலாம், குச்சிகளுக்கு நடுவில் காற்றும் கொஞ்சம் வெளிச்சமும் வரும், மாலை ஆறரைக்குச் சுருட்டி மேலே ஏற்றிவிட்டால் கடல் காற்றுக்கு வழி கிடைக்கும். தட்டி சூடேறினாலும் அந்தச் சூடு வெளியிலேயே காற்றோடு போய்விடுகிறது. தட்டிக்கும் கண்ணாடிக்கும் அரை அடி இடைவெளி விட்டு மாட்டுங்கள், ஒட்டி மாட்டினால் நடுவில் இருக்கும் காற்று வெளியேற முடியாமல் சுடும். குறை என்னவென்றால் ஐப்பசி, கார்த்திகை மழை. நனைந்து நனைந்து கறுத்துப் பூஞ்சை பிடிக்கும், வார்னிஷ் அடித்தால் சில வருஷம் தாங்கும், இல்லாவிட்டால் அதற்கு முன்னாலேயே மாற்ற வேண்டிவரும். அதைவிட முக்கியமானது புயல். 2016 டிசம்பரில் வர்தா அடித்தபோது இந்த ஊரில் மரங்களே நிற்கவில்லை, தட்டி எம்மாத்திரம். புயல் எச்சரிக்கை வந்ததும் கழற்றி உள்ளே வைக்க முடிகிற மாதிரி கொக்கியில் மாட்டச் சொல்லுங்கள், ஆணி அடித்து நிரந்தரமாகப் பொருத்த விடாதீர்கள். நாலாவது மாடி, ஐந்தாவது மாடியிலிருந்து ஒரு தட்டி கழன்று கீழே விழுந்தால் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது.

நர்சரிகளில் போடுகிற நிழல் வலை இதைவிட மலிவு. 50, 75, 90 சதவீதம் என்று நிழல் அளவைச் சொல்லித்தான் விற்கிறார்கள், ஜன்னலுக்கு 75 எடுங்கள், 90 போட்டால் அறை இருட்டிப்போகும், காற்றும் குறையும். பச்சை நிறம் அறைக்குள் பச்சையாகவே வெளிச்சம் தரும், அது பிடிக்காதவர்கள் வெள்ளையோ மண் நிறமோ கேட்டு வாங்கலாம். வாடகை வீட்டில் சுவரில் துளை போட ஹவுஸ் ஓனர் விடமாட்டார் என்றால் இதைக் கிரில்லிலேயே கயிறு போட்டுக் கட்டிவிடலாம், காலி செய்யும்போது அவிழ்த்துக்கொண்டு போகலாம். அப்பார்ட்மென்ட்களில் அசோசியேஷன் "வெளித்தோற்றம் கெடுகிறது" என்று தடுப்பது உண்டு. அவர்களிடம் சண்டை போடுவதைவிட, மேற்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே நிறத்தில் மாட்டுகிறோம் என்று கேட்டால் சம்மதம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

வெட்டிவேர் தட்டியைப் பற்றி எல்லோரும் ஆசையாகக் கேட்கிறார்கள், எனக்கும் அந்த வாசனை மேல் ஆசைதான். ஆனால் அது வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டு வாங்க வேண்டும். ஈரம் ஆவியாகும்போது காற்றின் சூட்டை எடுத்துக்கொள்கிறது, காற்று உலர்ந்திருந்தால்தான் அது நடக்கும். கத்திரி நாட்களில் காலையிலிருந்து மதியம் வரை மேற்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும்போது நனைத்த வெட்டிவேர் தட்டி அருமையாக இருக்கும், அதன் முன்னால் உட்கார்ந்தால் எழவே மனம் வராது. கடல் காற்று உள்ளே வந்து காற்றில் ஈரம் ஏறிய பிறகு அதே தட்டி அறையை இன்னும் புழுக்கமாக்கும். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரிக் கடலோரத்தைவிட அம்பத்தூர், ஆவடி, தாம்பரம் பக்கம் இதற்குப் பலன் அதிக நேரம் கிடைக்கும், கடல் காற்று அங்கே போய்ச் சேர நேரமாகும் என்பதால். தண்ணீரும் வேண்டும். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் வற்றிப்போய் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்த ஊர் இது, அந்த மாதிரி வருஷத்தில் தட்டியை நனைப்பதைப் பற்றி யாரும் யோசிக்கக்கூட முடியாது. ஏசி அறைக்கு இது வேண்டவே வேண்டாம், ஈரத்தைப் பிழிந்து வெளியே தள்ளவும் ஏசி உழைக்க வேண்டியிருக்கிறது.

உள்ளே மாட்டுவது

வெளியே வழியில்லாதவர்கள்தான் சென்னையில் அதிகம், அதனால் கர்ட்டனையும் ஒதுக்கித் தள்ள முடியாது. இதில் என் பெரிய ஆதங்கம், இருட்டாக்குவதையும் குளிர்ச்சியாக்குவதையும் கடைக்காரரும் வாங்குபவரும் ஒன்றாகவே நினைப்பது. பிளாக்அவுட் என்றால் வெளிச்சத்தைத் தடுக்கும், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் கரும்பழுப்பாகவோ கருநீலமாகவோ இருக்கிற பிளாக்அவுட் துணியை மேற்கு ஜன்னலில் மாட்டிவிட்டு நாலரை மணிக்குப் பின்பக்கம் கை வைத்துப் பாருங்கள், சூடு உறைக்கும். அந்தத் துணி விழுந்த வெயிலையெல்லாம் உறிஞ்சி, மெதுவாக அறைக்குள் விட்டுக்கொண்டிருக்கிறது. அதே துணிக்குப் பின்னால் வெள்ளை லைனிங் தைத்தால் நிலைமை மாறும். முன்பக்கம் அறைக்குப் பொருத்தமாக எந்த நிறமும் இருக்கட்டும், கண்ணாடியைப் பார்க்கிற பக்கம் வெள்ளையா என்று மட்டும் பிடிவாதமாகக் கேளுங்கள்.

பிளாக்அவுட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று பின்னால் ரப்பர் மாதிரிப் பூச்சுக் கொடுத்தது, இன்னொன்று நடுவில் கறுப்பு நூலை வைத்து மூன்று அடுக்காக நெய்தது. பூச்சுள்ளது பெரும்பாலும் வெள்ளைப் பின்பக்கத்தோடு வரும், வெப்பத்துக்கு அது நல்லது, ஆனால் நம் வெயிலிலும் வாஷிங் மெஷினிலும் பூச்சு நாளடைவில் வெடித்து உதிரும். நெய்தது நீடிக்கும், ஆனால் பின்பக்கமும் முன்பக்க நிறமாகவே இருக்கும். என் யோசனை இரண்டையும் விட்டுவிட்டு வேறு வழி: கரூர்ப் பக்கம் நெய்து வரும் கெட்டியான காட்டன் துணியைப் பிடித்த நிறத்தில் எடுங்கள், வெள்ளை லைனிங் துணியைத் தனியாக வாங்கி, தனித் தனியாகக் கழற்றுகிற மாதிரி தைக்கச் சொல்லுங்கள். சென்னைத் தூசிக்கு லைனிங்கை அடிக்கடி துவைக்க வேண்டும், முன் துணியை அவ்வளவு துவைக்க வேண்டாம். பாரிமுனை கோடவுன் தெருவில் மொத்தமாக எடுத்து, வீட்டுப் பக்கத்து டெய்லரிடம் தைத்துக்கொண்டால் ரெடிமேடைவிடப் பல வீடுகளில் செலவு குறையும். துணியைத் தேர்வு செய்யும்போது செல்போன் டார்ச்சைப் பின்னால் பிடித்துப் பாருங்கள், வெளிச்சப் புள்ளி எவ்வளவு தெரிகிறது என்பது நெசவு எவ்வளவு நெருக்கம் என்று சொல்லிவிடும்.

ஏசி அறையில் மாட்டும் விதமும் துணி அளவுக்கு முக்கியம். கண்ணாடிக்கும் கர்ட்டனுக்கும் நடுவில் சூடான காற்று மேலே ஏறி, ராடுக்கு மேல் இருக்கிற இடைவெளி வழியாக அறைக்குள் கொட்டும், கீழே குளிர்ந்த காற்று உள்ளே போகும், இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். மேலே ராடை மூடுகிற மாதிரி ஒரு பெல்மெட் பெட்டி வைத்தால் அந்தச் சுற்று நிற்கும். பக்கவாட்டில் அரை அடியாவது ஜன்னலைத் தாண்டித் துணி போக வேண்டும், ஓரத்தை வெல்க்ரோ வைத்துச் சுவரில் ஒட்டினால் இன்னும் நல்லது. இப்படிச் செய்த பிறகு 24-இல் ஓடிய ஏசியை 26-க்கு ஏற்றினாலும் தூங்க முடிகிறது என்றால் அதுதான் லாபம்: ஒரு டிகிரி ஏற்றினால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் வாரியமான பீஇஇ சொல்கிறது. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறுகிற நம் ஊரில், விளிம்பில் நிற்கிற குடும்பத்துக்கு இது பெரிய விஷயம்.

ஏசி இல்லாத வீட்டில் இதெல்லாம் தலைகீழ். அங்கே காற்றோட்டம்தான் உயிர். ஜன்னலை மூடிக் கனத்த கர்ட்டனை இழுத்துவிட்டால் உள்ளே இருப்பவர்களின் மூச்சும் சமையல் சூடும் சேர்ந்து வேக வைத்துவிடும். வெளிர் நிற மெல்லிய காட்டன், பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்துத் தைத்தாலும் சரி, வெயில் வரும் நேரத்தில் மட்டும் இழுத்துவிட்டு, ஜன்னலைத் திறந்தே வைத்து, கொசுவலை அடித்திருந்தால் அதுவே போதும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பழைய வீடுகளில் மரப்பலகைக் கதவு போட்ட ஜன்னல் இன்னும் இருந்தால் தயவு செய்து பிடுங்கி யுபிவிசி ஸ்லைடிங் போடாதீர்கள். கீழ்க் கதவை மூடி மேல் கதவைத் திறந்து வைக்கிற அந்த வசதி, வெளி நிழலும் காற்றும் சேர்ந்த ஏற்பாடு, இன்றைக்கு எவ்வளவு செலவு செய்தாலும் அந்தத் தரத்தில் கிடைக்காது.

கண்ணாடியில் ஒட்டும் சன் கன்ட்ரோல் ஃபிலிம், எப்போதும் மூடியே இருக்கும் ஏசி அறைக்கு நல்லது, வெளியே பார்க்கவும் முடியும். பளபளவென்று பிரதிபலிக்கும் ரகம் வாங்குங்கள், வெறும் கறுப்பு ரகம் கண்ணாடியையே சூடாக்கும், சில கண்ணாடிகள் அந்தச் சூட்டில் விரிசல் விடும். திறந்து வைக்கும் ஜன்னலில் ஃபிலிமால் பயனே இல்லை, காற்றும் வெயிலும் திறந்த பாதி வழியாகத்தானே வருகிறது. தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கும் ஹனிகோம்ப் பிளைண்டு ஓரம் ஒட்டிப் பொருந்தினால் நன்றாகத் தடுக்கும், ஆனால் விலை அதிகம், தூசி உள்ளே போனால் எடுக்க முடியாது. வெனிஷியன் பிளைண்டு அலுவலகத்துக்குச் சரி, வீட்டில் ஒவ்வொரு பட்டையையும் துடைக்க ஆள் வேண்டும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம்: சாதாரண இரும்பு ராடு உப்புக் காற்றில் துருப்பிடித்துத் துணியில் கறை ஏற்றும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ அலுமினியமோ மரமோ வாங்குங்கள்.

மேல் மாடிக்காரர்களுக்கு நான் சொன்னது ஏன் என்றால், நடுப்பகல் வெயில் முழுவதும் விழுவது மாடித் தரை மேல். அந்தக் கான்கிரீட் பகலெல்லாம் உறிஞ்சி ராத்திரி பத்து மணிக்கும் சீலிங் வழியாகக் கொட்டிக்கொண்டிருக்கும், எந்தக் கர்ட்டனும் அதைத் தொட முடியாது. வெள்ளைக் கூல் ரூஃப் பெயின்ட், அல்லது வெளிர் நிறத் தட்டோடு பதிப்பது, அதை முடித்துவிட்டு ஜன்னலுக்கு வாருங்கள்.

எதை மாட்டினாலும் அதை இயக்குகிற ஆள் வீட்டில் இருக்க வேண்டும். மேற்கு ஜன்னலை மதியம் ஒன்றரைக்கே மூட வேண்டும், வெயில் கண்ணாடியில் பட்ட பிறகு மூடுவது தாமதம். மாலை வெயில் இறங்கியதும் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பகலில் தடுக்கப் போட்ட கர்ட்டனே ராத்திரி சூட்டை உள்ளே பூட்டி வைக்கும். வேலைக்குப் போகிறவர்கள் காலையில் கிளம்பும்போதே மேற்கை மூடிவிட்டுப் போங்கள்.

ஒரே நேரத்தில் எல்லா ஜன்னலுக்கும் செய்யப் பணம் இல்லை என்றால், வீட்டில் பகல் முழுவதும் இருக்கிற அம்மா அப்பாவோ, கைக்குழந்தையோ மதியம் படுக்கிற அறை எதுவென்று பாருங்கள், அந்த அறையின் மேற்கு ஜன்னலில் ஆரம்பியுங்கள். ஹாலுக்கு அடுத்த வருஷம் செய்துகொள்ளலாம். மாசி பிறந்ததுமே அளவெடுத்துக் கொடுத்துவிடுங்கள், பங்குனியில் எல்லா டெய்லரிடமும் கூட்டம் வந்துவிடும், கத்திரி தொடங்கும் முன் துணி கைக்கு வராது.